தொடர்க்கடைகளில் உயிர்ப்பண்டம்: செல்லப்பிராணி வணிகத்திற் பராமரிப்பு நியமங்களும் ஊழியர் அறிவும்

மனிதன் பிராணிகளைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் வழக்கம் மிகப் பழைமையானது. ஆயின், வளர்ப்பதற்குரிய பிராணியை ஒரு பெருங்கடையிற் கூட்டோடும் தீனியோடும் ஒரே பற்றுச்சீட்டிற் பெற்றுச் செல்லும் முறை மிக அண்மைக் காலத்தது. ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குள் வளர்ச்சி பெற்ற செல்லப்பிராணித் தொடர்க்கடைகள் இம்முறையைப் பொதுவழக்காக்கியுள்ளன. இக்கடைகளிற் பிராணிகள் எவ்வாறு பேணப்படுகின்றன, அவற்றைப் பேணுவோர் எத்தகைய அறிவுடையோர் என்னும் வினாக்கள் அந்நாடுகளில் நீண்டகாலமாக எழுப்பப்பட்டு வந்துள்ளன.

இவ்வினாக்களுக்கு வழக்கமாகத் தரப்படும் விடை எளிமையானது: கடை ஊழியர்கள் அறிவற்றவர்கள், அக்கறையற்றவர்கள் என்பதே அது. இவ்விடை போதாதென்பது எமது கருத்து. ஊழியரின் அறியாமை எனப்படுவது அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் குறைபாடன்று. குறிப்பிட்டதொரு வணிக அமைப்பு தன் இயல்பான இயக்கத்தில் உருவாக்கும் விளைவு அது. அறிவுடைய ஊழியர் இருக்குமிடத்தும் அவ்வறிவைச் செயற்படுத்தும் அதிகாரம் அவரிடம் இருப்பதில்லை. இவ்விரு விடயங்களையும் அமெரிக்க, பிரித்தானிய, ஜேர்மன் அனுபவங்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொடர்க்கடையின் தோற்றம்

இன்று பெற்கோ என அறியப்படும் நிறுவனம் 1965இற் கலிபோர்னியாவில், மிருக வைத்தியப் பொருள்களை அஞ்சல்மூலம் விற்கும் நிலையமாகத் தொடங்கிற்று. பெற்லாண்ட் 1967இல் ஒகையோ மாநிலத்தில் ஆரம்பிக்கப்பட்டது. பெற்ஸ்மார்ட் 1986இல் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டில் அரிசோனாவிற் கடைகளைத் திறந்தது. பிரித்தானியாவின் பெற்ஸ் அற் ஹோம் 1991இல் தோன்றியது. இன்று பெற்ஸ்மார்ட், பெற்கோ ஆகிய இரண்டும் ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளை நடத்துகின்றன.

இவை யாவும் ஒரே தன்மையன என்று கொள்ளலாகாது. பெற்லாண்ட் நாய்க்குட்டிகளை விற்கும் நிறுவனம். பெற்ஸ்மார்ட் நாய், பூனைகளை விற்பதில்லை. காப்பகங்களிலுள்ள நாய் பூனைகளைத் தத்துக்கொடுப்பதற்குத் தன் கடைகளில் இடமளிக்கிறது. இதனைப் பாராட்டுதல் தகும். ஆயினும் மீன்கள், பறவைகள், ஊர்வன, கொறிக்கும் சிறு விலங்குகள் ஆகியன அங்கும் தொடர்ந்து விற்பனைப் பொருள்களாகவே உள்ளன. நாய்க்கும் பூனைக்கும் சமூகம் அளிக்கும் பரிவு இவற்றுக்குக் கிட்டுவதில்லை. ஆகவே, பராமரிப்புப் பற்றிய ஆய்வு இச்சிறு பிராணிகளையே முதன்மையாகக் கருத்திற்கொள்ள வேண்டியுள்ளது.

இவ்வணிகத்தின் பொருளாதார அமைப்பில் ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. தொடர்க்கடைகளின் வருவாயிற் பெரும்பகுதி உயிருள்ள பிராணிகளை விற்பதனாற் கிடைப்பதன்று. தீனி, கூடு, தொட்டி, விளக்கு, மருந்து, முடிதிருத்தல் முதலியவற்றாற் கிடைப்பது. சிறு பிராணியொன்றின் விலை குறைவு. ஆனால் அதனை வாங்கியவர் அதன் ஆயுள் முழுவதும் தீனி வாங்கக் கடைக்கு வருவார். இந்நிலையில் பிராணி தன்னளவில் இலாபம் தரும் பண்டமாக இருப்பதிலும் பார்க்க, ஏனைய பண்டங்களின் விற்பனைக்கு வாயிலாக இருப்பதே முக்கியமாகிறது. விலை மலிவான அப்பிராணி நோயுறும்போது சிக்கல் தோன்றுகிறது. மிருக வைத்தியர் ஒருமுறை பார்ப்பதற்கான கட்டணம் அதன் விலையைப் போலப் பன்மடங்காகும். கணக்கேட்டின்படி சிகிச்சையிலும் பார்க்கப் புதியதொன்றைத் தருவித்தலே சிக்கனம். பராமரிப்பு நியமங்கள் பற்றிய விவாதத்தின் அடித்தளத்தில் இம்முரண்பாடே உள்ளது.

2. அறியப்பட வேண்டியவை

செல்லப்பிராணிக் கடையிற் பணிபுரிவதற்குப் பிராணிகளிடத்து அன்பு இருந்தாற் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அங்கு தேவைப்படும் அறிவின் தன்மையைச் சில உதாரணங்களாற் காட்டுவோம்.

முதலில் மீனை எடுத்துக்கொள்வோம். மீன் தன் பூக்களின் வழியாக அமோனியாவை நீரில் வெளிவிடுகிறது. அமோனியா அதற்கே நஞ்சு. தொட்டியின் வடிகட்டியிலும் அடிப்பரப்பிலும் வளரும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறிதொருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றை அதனினும் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியொன்றில் இப்பற்றீரியாக்கள் போதியளவு பெருகுவதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். எனவே, தொட்டியையும் மீன்களையும் ஒரே நாளில் வாங்கிச் செல்பவர், நீர் தெளிவாக இருக்கும்போதே மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறப்பதைக் காண நேரிடும். இதனை அறிந்த ஊழியர் கூறவேண்டிய ஆலோசனை யாது? ‘தொட்டியை இன்று கொண்டு செல்லுங்கள், நீரைச் சோதித்துப் பார்த்து, சில வாரங்களின் பின்னர் மீனுக்கு வாருங்கள்’ என்பதே. இங்கு அறிவு விற்பனைக்கு நேர் எதிராக நிற்கிறது.

சிறு கிண்ணங்களில் அடைத்து விற்கப்படும் சயாமியப் போர்மீன் வேறொரு பாடத்தைத் தருகிறது. இம்மீன் பூக்களோடு, நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்றைச் சுவாசிப்பதற்கான ஓர் உறுப்பையும் உடையது. ஒட்சிசன் குறைந்த நீரிலும் அது உயிர்தரிப்பது இதனாலேயே. இவ்வியல்பே அதனைக் கிண்ணத்தில் வைப்பதற்குச் சாட்டாகவும் அமைந்துவிடுகிறது. உயிர்பிழைத்திருத்தல் வேறு, நலமாயிருத்தல் வேறு. வெப்பவலயத்து மீனாகிய அது குளிர்ந்த, அசுத்தமான சிறிதளவு நீரில் உயிருடன் இருப்பதைக் கொண்டு அது நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்வது தவறாகும்.

கொறிக்கும் விலங்குகளிடத்து இனத்துக்கினம் தேவைகள் வேறுபடுவதைக் காணலாம். சிரிய ஹம்ஸ்ரர் வளர்ந்தபின் தனித்து வாழ்வது. இரண்டினை ஒரே கூட்டில் இட்டால் ஒன்றையொன்று கடித்துக் காயப்படுத்தும். கினிப்பன்றியோ கூட்டமாக வாழ்வது. தனிமை அதற்குத் துன்பம். சுவிற்சர்லாந்தில் 2008இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் கினிப்பன்றியைத் தனியாக வளர்த்தலைத் தடைசெய்தமை இதனாலேயாகும். மேலும், கினிப்பன்றி மனிதனைப் போன்றே விற்றமின் சியைத் தன் உடலில் உற்பத்தி செய்யும் ஆற்றலற்றது. முயலுக்குரிய தீனியை அதற்குக் கொடுத்து வருபவர் தம்மையறியாமலே அதனை ஸ்கர்வி நோய்க்கு உள்ளாக்குகிறார். ஆண் பெண் பிரித்தறியாது இரண்டினை விற்றுவிட்டால், வாங்கியவர் வீட்டில் விரைவிற் குட்டிகள் தோன்றும். இரையாகும் இயல்புடைய இவ்விலங்குகள் நோயை மறைத்துக்கொள்ளும் தன்மையன. நோய் வெளிப்படையாகத் தெரியும் வேளையில் அது முற்றியிருக்கும். ஆகவே, நாள்தோறும் நோக்கிப் பழகிய கண்ணே ஆரம்ப அறிகுறியைக் காணவல்லது.

ஊர்வன பற்றிய அறிவு இன்னும் நுட்பமானது. அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட தாடி ஓணான் உணவிலுள்ள கல்சியத்தைப் பயன்படுத்துவதற்கு விற்றமின் டி தேவை. அதனை உடலில் உண்டாக்குவதற்குக் கழியூதாக் கதிர்கள் தேவை. இக்கதிர்கள் கிடைக்காவிடின் எலும்புகள் மென்மையுற்று வளைந்து முறியும். இதற்கெனப் பயன்படுத்தும் குழாய்விளக்குகள் காலஞ்செல்லச் செல்லக் கழியூதாக் கதிர்களை வெளிவிடும் ஆற்றலை இழக்கின்றன; ஆயினும் கண்ணுக்குப் புலப்படும் ஒளி முன்போலவே இருக்கும். எரிகின்ற விளக்கைப் பார்த்து எல்லாம் சரியென எண்ணுபவரை அவ்விளக்கே ஏமாற்றிவிடும்.

இவ்வுதாரணங்களிலிருந்து பெறப்படுவது யாதெனில், இத்தொழிலுக்குரிய அறிவு இனவாரியானது, அனுபவத்தால் முதிர்வது, கண்ணாற் காணமுடியாத காரணங்களை உய்த்துணர்வது என்பதாகும். இஃது ஒரு தொழிற்றிறன். ஆனால் அதற்குரிய கூலியோ கௌரவமோ அதற்கு வழங்கப்படுவதில்லை.

3. அறிவும் உழைப்பும்

அமெரிக்க மார்க்சிய ஆய்வாளர் ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்ற நூலில், நவீன முதலாளித்துவம் வேலையைத் திட்டமிடுவதையும் அதனைச் செய்வதையும் பிரித்து, திட்டமிடும் அறிவை நிர்வாகத்தின் வசமாக்குகின்றது எனக் காட்டினார். தொழிற்சாலையையும் அலுவலகத்தையும் நோக்கிக் கூறப்பட்ட இக்கருத்து செல்லப்பிராணித் தொடர்க்கடைக்கும் பெரிதும் பொருந்துவதாகும்.

தொடர்க்கடையின் அடிப்படை இயல்பு ஒருமைப்பாடு. ஆயிரம் கடைகளும் ஒரே அமைப்புடையனவாக, ஒரே பண்டங்களை, ஒரே முறையில் விற்றல் வேண்டும். இதனைச் சாத்தியமாக்குவதற்கு அறிவு தலைமைக் காரியாலயத்திற் குவிக்கப்பட்டு, அங்கிருந்து கைந்நூல்களாகவும் பராமரிப்புத் துண்டுப் பிரசுரங்களாகவும் கணினிவழிப் பாடங்களாகவும் கடைகளுக்கு அனுப்பப்படுகிறது. கடையில் நிற்பவர் ஆலோசகர் அல்லர். அவர் எழுதப்பட்டதை ஒப்புவிப்பவர். வாங்குபவர் வினவும் வினா துண்டுப் பிரசுரத்தில் இல்லாதபோது அவர் தடுமாறுகிறார். அத்தடுமாற்றமே பின்னர் ‘ஊழியரின் அறியாமை’ எனப் பெயர்பெறுகிறது.

அவரது வேலைநாளையும் நாம் நோக்குதல் வேண்டும். கூடுகளைச் சுத்தஞ் செய்தல், தொட்டியிலிருந்து மீன் பிடித்துக் கொடுத்தல், தீனி மூட்டைகளை இறக்கி அடுக்குதல், காசு கருமபீடத்தில் நிற்றல் எனப் பல பணிகள் ஒருவரிடமே குவிகின்றன. மணிக்கணக்கிற் கூலி, நேர அட்டவணை வாரத்துக்கு வாரம் மாறும், ஓரிரு ஆண்டுகளுக்குள் வேலையை விட்டுச் செல்வோர் பலர். நோயின் ஆரம்ப அறிகுறியைக் காணும் கண் ஒரு தொட்டியின் முன்னால் நீண்டகாலம் நின்று பெறப்படுவது. ஊழியர் அடிக்கடி மாறும் இடத்தில் அக்கண் உருவாகுமுன்னரே அதனை உடையவர் போய்விடுகிறார்.

பெருமூலதனத்தின் அழுத்தமும் இங்கு கருதத்தக்கது. 2014இன் இறுதியிற் பெற்ஸ்மார்ட்டைத் தனியார் முதலீட்டு நிறுவனமொன்றின் தலைமையிலான குழு ஏறக்குறைய 870 கோடி டொலருக்கு வாங்குவதற்கு உடன்பட்டது. அடுத்த ஆண்டிற் பெற்கோவும் இத்தகைய முதலீட்டாளரால் ஏறக்குறைய 460 கோடி டொலருக்கு வாங்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இவ்வகைக் கொள்வனவுகள் பெரும்பாலும் கடனை ஆதாரமாகக் கொண்டவை; அக்கடனைத் தீர்க்கும் பொறுப்பு வாங்கப்பட்ட நிறுவனத்தின் மீதே விழுகிறது. கடன்பட்ட கடையில் மிக எளிதாகக் குறைக்கக்கூடிய செலவு ஊழியரின் வேலைமணிகளே. வேலைமணி குறையுமிடத்துப் பிராணியை நோக்கும் நேரமும் குறையும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

அறிவு ஊழியரின் உடைமையாகாமல் அவரைப் பிணிக்கும் கயிறாகவும் மாறக்கூடும். 2022இற் கலிபோர்னியாவிற் பெற்ஸ்மார்ட்டுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கொன்று இதற்குச் சான்று. நாய்களுக்கு முடிதிருத்தும் ஊழியர் இரண்டாண்டுகளுக்குள் வேலையை விட்டு நீங்கினால், நிறுவனம் அளித்த பயிற்சிக்கென 5,000 டொலர் வரை திருப்பிச் செலுத்தும்படி கட்டாயப்படுத்தப்படுகின்றனர் என்பது வழக்காளி தரப்பின் வாதமாகும். பயிற்சி என்பது உரிமையாகவன்றிக் கடனாக வழங்கப்படும்போது, கற்றவர் சுதந்திரம் பெறுவதற்குப் பதிலாகக் கட்டுண்டவராகிறார்.

எனினும் நேர்மையான ஆய்வு மறுபக்கத்தையும் கூறவேண்டும். தனியொருவர் நடத்தும் சிறுகடை எப்போதும் உயர்ந்தது என்னும் கருத்து ஏற்புடையதன்று. பல தலைமுறைத் தவறுகள் அனுபவம் என்ற பெயரில் அங்கு நிலைபெற்றிருத்தலும் உண்டு. எழுத்திலமைந்த நியமங்கள், மிருக வைத்தியருடனான ஒழுங்கான தொடர்பு ஆகியவற்றை ஏற்படுத்துவதற்கான வளம் தொடர்க்கடைக்கே அதிகம். ஒரே ஆணையால் ஆயிரம் கடைகளின் தொட்டிகளைத் திருத்தும் வலிமை அதற்கு உண்டு. அவ்வலிமை எத்திசையிற் செலுத்தப்படுகிறது என்பதே வினா.

4. கடைக்குப் பின்னால்

கடையிற் காணப்படும் நிலை சங்கிலியின் இறுதிக் கண்ணி மட்டுமே. அதற்குப் பின்னால் இனப்பெருக்குவோர், பிடிப்போர், ஏற்றுமதியாளர், மொத்த வியாபாரிகள் என ஒரு நீண்ட வரிசை உண்டு. 2009 டிசம்பரில் ரெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்ரன் நகரில் அயல்நாட்டுப் பிராணிகளின் பெரும் மொத்த வியாபார நிலையமொன்று அதிகாரிகளாற் கைப்பற்றப்பட்டது. அங்கிருந்த பிராணிகள் 26,000க்கும் மேற்பட்டவை. அவற்றைப் பரிசோதித்த ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய 80 விழுக்காடு நோயுற்றோ காயமுற்றோ இறந்தோ காணப்பட்டன. ஆறு வாரத்திற்கொரு முறை சரக்கு மாறும் அந்நிலையத்தில் இறப்பு வீதம் ஏறக்குறைய 72 விழுக்காடென மதிப்பிடப்பட்டது. வழக்கில் எதிர்த்தரப்பு இவ்வீதம் இத்தொழிலில் வழமையானது என வாதிட்டமை குறிப்பிடத்தக்கது. சரக்கிற் பெரும்பகுதி அழிவதை வழமையெனக் கொள்ளும் ஒரு தொழிலில் நியமம் என்ற சொல்லே பொருளிழந்துவிடுகிறது.

இச்சங்கிலி எமக்கும் தொலைவானதன்று. அலங்கார மீன்களை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. எமது கடல்களிற் சுழியோடிகள் பிடிக்கும் மீன்களும் உள்நாட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் நன்னீர் மீன்களும் பொலித்தீன் பைகளில் ஒட்சிசனோடு அடைக்கப்பட்டு விமானமேறுகின்றன. மறுமுனையிலுள்ள ஊழியர் அறிந்திருப்பதும் அறியாதிருப்பதும் இம்மீன்களின் கதியையும் நிர்ணயிக்கின்றன.

5. ஊழியரின் உடல்நலம்

பிராணி நலனும் ஊழியர் நலனும் வெவ்வேறானவை என்று கருதுவோருக்கு நோய்களின் வரலாறு தக்க விடையளிக்கும். 1970களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 2,80,000 சல்மனெல்லா நோய்த்தொற்றுக்கள், அதாவது மொத்தத்தில் 14 விழுக்காடு, செல்லப்பிராணியாக விற்கப்பட்ட சிற்றாமைகளோடு தொடர்புடையன என மதிப்பிடப்பட்டது. 1975இல் ஓட்டின் நீளம் நான்கு அங்குலத்திற் குறைந்த ஆமைகளை விற்றல் அந்நாட்டிற் தடைசெய்யப்பட்டது. 2003இற் கானாவிலிருந்து வந்த சிறு விலங்குகளின் வழியாகப் பிரெய்ரி நாய் எனப்படும் கொறிணிகளுக்குக் குரங்கம்மை தொற்றி, அவற்றிலிருந்து ஆறு மாநிலங்களில் 47 பேருக்குப் பரவியது. 2005இல் ஒருவரின் உறுப்புக்கள் நால்வருக்குப் பொருத்தப்பட்டு, அவர்களுள் மூவர் ஒருவகை வைரசுத் தொற்றால் இறந்தனர். உறுப்பு வழங்கியவரின் வீட்டில் அண்மையில் வாங்கப்பட்டிருந்த ஹம்ஸ்ரரிடம் அத்தொற்றுக் கண்டுபிடிக்கப்பட்டது.

இவை யாவற்றினும் எமது பொருளுக்கு நெருக்கமானது 2016 தொடக்கம் 2018 வரை நிகழ்ந்த கம்பைலோபக்ரர் பற்றீரியாத் தொற்று ஆகும். கடைகளில் விற்கப்பட்ட நாய்க்குட்டிகளிடமிருந்து 18 மாநிலங்களில் 118 பேருக்கு இது பரவியது. அவர்களுள் 29 பேர் செல்லப்பிராணிக் கடை ஊழியர்கள். நோய்க்காரணமான பற்றீரியா பல நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தது. விசாரணையில் விவரம் பெறப்பட்ட 149 நாய்க்குட்டிகளுள் 142, அதாவது 95 விழுக்காடு, கடைக்கு வருமுன்னரோ கடையிலோ நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டவை. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு நோயின்றியே, நோய்த்தடுப்பு என்ற அளவில் அம்மருந்துகள் வழங்கப்பட்டிருந்தன.

இதன் பொருள் ஆழ்ந்து நோக்கற்பாலது. நெருக்கடியான இடத்தில் வளர்த்து நெடுந்தூரம் கொண்டுவரப்பட்ட குட்டிகளுக்கு, நல்ல பராமரிப்பின் இடத்தை மருந்து நிரப்பிற்று. அம்மருந்தால் வலுப்பெற்ற பற்றீரியா முதலிற் பற்றியது கூடுகளைச் சுத்தஞ் செய்த கைகளை. அக்கைகளுக்கு உரியவர்களுக்குத் தாம் எதனைத் தொடுகிறோம் என்பதை அறியும் உரிமை உண்டு. ஊழியர் அறிவு என்பது வாடிக்கையாளருக்கு அளிக்கும் சேவையாக மாத்திரம் நில்லாது, தொழிலாளரின் பாதுகாப்பாகவும் அமைகிறது.

6. சட்டங்கள் கூறுவன

ஐக்கிய அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. ஆனால் சில்லறைச் செல்லப்பிராணிக் கடைகள் அச்சட்டத்தின் உரிமவிதிகளிலிருந்து விலக்களிக்கப்பட்டுள்ளன. அதுமட்டுமன்றி, அச்சட்டம் குறிக்கும் விலங்கு வெப்பக் குருதியுடையது. எனவே மீன்களும் ஊர்வனவும் அதன் பார்வைக்கு அப்பாற்பட்டவை. ஒரு கடையில் மிக அதிக எண்ணிக்கையில் விற்கப்படும் உயிர்களுக்கே நாட்டின் முதன்மைச் சட்டம் மௌனமாயிருக்கிறது.

இவ்வெற்றிடத்தை மாநிலங்கள் ஓரளவு நிரப்ப முயன்றுள்ளன. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2002இற் பெற்கோவுக்கு எதிராக, பிராணிகள் தக்கவாறு பேணப்படவில்லையென வழக்குத் தொடுத்தது. 2004இற் கலிபோர்னியாவில் எட்டப்பட்ட இணக்கத்தின்படி அந்நிறுவனம் ஏறக்குறைய 9 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. அவ்விணக்கம் பிராணிகளின் பராமரிப்பையும், காசு கருமபீடத்தில் வாடிக்கையாளரிடம் கூடுதலான விலை அறவிடப்பட்டமையையும் ஒருங்கே உள்ளடக்கியதாகும். பிராணியின் துன்பமும் பிழையான விலைச்சீட்டும் ஒரே தொகையில் தீர்க்கப்பட்டமை, அச்சமூகத்தில் உயிர்ப்பண்டத்தின் தகுநிலையை நன்கு புலப்படுத்துகிறது. பின்னர் 2007இற் கலிபோர்னியா செல்லப்பிராணிக் கடைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, 2009 தொடக்கம் நடைமுறைப்படுத்தியது. கூட்டின் தன்மை, நோயுற்றவற்றைப் பிரித்துவைத்தல், மிருக வைத்தியருடன் கலந்து வகுத்த எழுத்துமூலத் திட்டம், ஆண்டுக்கு ஒரு தடவையேனும் அவர் கடைக்கு வருகை தரல் ஆகியன அதில் விதிக்கப்பட்டன. 2019 தொடக்கம் காப்பகங்களிலிருந்து பெற்ற நாய், பூனை, முயல்களை மாத்திரமே கடைகளில் வைக்கலாம் என்ற விதியும் அங்கு நடைமுறைக்கு வந்தது.

பிரித்தானியாவில் 1951ஆம் ஆண்டுச் செல்லப்பிராணிகள் சட்டம் கடைக்கு உரிமம் அவசியமென்றது. 2018 ஒக்ரோபரில் இங்கிலாந்தில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த விதிகள் ஊழியரை நேரடியாகக் கருத்திற்கொள்கின்றன. தாம் பேணும் இனத்தின் இயல்பான நடத்தையை அறிந்துகொள்ளவும், வலி, நோய், இயல்பற்ற நடத்தை ஆகியவற்றின் அறிகுறிகளைக் கண்டு தக்க நடவடிக்கை எடுக்கவும் அவர்கள் திறனுடையோராதல் வேண்டும். பிராணியுடன் விற்கப்படும் உபகரணங்கள் அப்பிராணிக்குப் பொருத்தமானவையாதல் வேண்டும். பிராணிகளின் வரவு, விற்பனை, இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடு பேணுதல் வேண்டும்.

ஜேர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அதன் 11ஆம் பிரிவின்படி முள்ளந்தண்டுள்ள விலங்குகளை வணிகமாக விற்பதற்கு அனுமதி தேவை. பொறுப்பானவர் துறையறிவை நிறுவுதல் வேண்டும். அத்துடன், பயிலுநர் தவிர்ந்த விற்பனை ஊழியர் ஒவ்வொருவரும் வேலையைத் தொடங்குமுன்னரே தமக்குரிய அறிவை உரிமையாளரிடம் நிறுவியிருத்தல் வேண்டும். 2002இல் அந்நாடு தன் அரசியலமைப்பிலேயே விலங்குப் பாதுகாப்பை அரசின் குறிக்கோளாகச் சேர்த்துக்கொண்டது. அறிவு வேலைக்கு முன் நிபந்தனை என்ற கொள்கை இங்கு சட்டமாகியுள்ளது. அறிவு நிபந்தனையாகுமிடத்து அறிவுடையவரின் பேரம்பேசும் வலுவும் உயரும் என்பது உழைப்பாளர் நோக்கில் முக்கியமானது.

சட்டம் எழுதப்பட்ட மாத்திரத்தே நிலைமை மாறிவிடும் என்று நாம் கூறவில்லை. பரிசோதகர் போதாமை, கடைக்கு வெளியே விளம்பரங்கள் மூலம் நடைபெறும் விற்பனை ஆகியன சட்டத்தின் வலிமையைக் குறைக்கின்றன. கடையிற் தடுக்கப்பட்ட வணிகம் கண்காணிப்புக் குறைந்த வேறிடத்துக்கு நகர்தலும் கூடும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படும். செல்லப்பிராணித் தொடர்க்கடைகளிற் பராமரிப்புக் குறைபாடு தனிப்பட்ட ஊழியரின் அன்பின்மையால் விளைவதன்று. அங்கு பணிபுரிவோர் பலர் பிராணிகள் மீதுள்ள பற்றினாலேயே குறைந்த கூலியையும் பொருட்படுத்தாது வருபவர்கள். அப்பற்றே அவர்களின் உழைப்பை மலிவாகப் பெறும் வாயிலாகவும் ஆகிவிடுகிறது. உயிரின் விலை சிகிச்சையின் விலையிலும் குறைந்திருப்பது, அறிவு காரியாலயத்திலும் பொறுப்புக் கடையிலுமாகப் பிரிந்து நிற்பது, ஊழியர் நிலைத்து நில்லாதது ஆகிய மூன்றுமே அடிப்படைக் காரணங்கள்.

ஆகவே, நியமங்களை வகுப்போர் கூட்டின் நீள அகலத்தோடு நின்றுவிடுதல் ஆகாது. ஊழியருக்கு இனவாரியான பயிற்சி அவரது செலவிலன்றி நிறுவனத்தின் செலவில் வழங்கப்படல் வேண்டும். பொருத்தமற்ற விற்பனையை மறுக்கவும், நோயுற்ற பிராணிக்கு மிருக வைத்தியரை அழைக்கவும் அவருக்குள்ள உரிமை எழுத்தில் உறுதிசெய்யப்படல் வேண்டும். அவ்வுரிமையைப் பயன்படுத்தியமைக்காக அவர் வேலையை இழக்கலாகாது. ஒவ்வொரு கடையிலும் எத்தனை உயிர்கள் வந்தன, எத்தனை விற்கப்பட்டன, எத்தனை இறந்தன என்ற கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும்.

தங்கமீனொன்றை இன்று விற்க இயலாது என்று சொல்லும் ஊழியர் அதற்காகக் கண்டிக்கப்படுகிறாரா, பாராட்டப்படுகிறாரா என்பதே ஒரு கடையின் நியமங்களை அளக்கத்தக்க கோல். பேணுபவரின் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்திற் பேணப்படுவதன் உயிருக்கும் மதிப்பிராது.